பேர்ணடெற் வெளியே அனுப்பிய விருந்தாளிகள்

பேர்ணடெற் கத்தியதை நான் ஒரேயொரு நாள்தான் கேட்டிருக்கிறேன்.

அவள் யாழ்ப்பாணத்துப் பாசையூர்க் கத்தோலிக்கப் பெண். ரொறன்ரோவின் பார்க்டேலில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் இருவரும் ஒன்றாக வேலை செய்தோம். அங்கே கரண்ட் வேலைக்கு வந்துபோன டேவிட் ஒரு யூதர். எண்பத்திரண்டில் இருவரும் பதிவுத் திருமணம் செய்தார்கள். இரண்டு வீட்டாரும் வரவில்லை. அடுத்த வருடம் மிரியம் பிறந்தாள்.

அதே வருடம் தமிழருக்கு எதிரான ஆடிக் கலவரத்தில் கொழும்பு வீடு எரிந்து, அவள் தம்பி மரியரட்ணம் ரொறன்ரோவுக்கு ஓடிவந்தான். எட்டு மாதம் அக்காவின் வீட்டு சோபாவில்தான் படுத்தான். அவனுக்குக் குளிர்க்கோட்டு வாங்கிக் கொடுத்தவர் டேவிட். அந்த நேரம் டேவிட்டின் தாய், அவளுடைய மாமியார், இடுப்பெலும்பு முறிந்து கிடந்தார். அவரைக் குளிக்க வார்த்தவள் பேர்ணடெற்.

எண்பத்திநாலில் யூதர் எட்டு நாள் விளக்கேற்றும் ஹனுக்கா விழாவின் ஏழாவது விளக்கும், கிறிஸ்து பிறந்த நத்தாருக்கு முதல்நாள் பின்னேரமும் ஒன்றாக வந்தன. இரண்டையும் ஒரே மேசையில் கொண்டாட நினைத்து என்னையும் சேர்த்து எல்லாரையும் கூப்பிட்டாள். யூத முறைப்படி மாமியாருக்கு ஆகாதென்று நண்டையும் இறாலையும் தவிர்த்து, மீன் அடைத்த பற்றிஸ் சுட்டாள். டேவிட் உருளைக்கிழங்கு துருவி அடை பொரித்தார். ஜன்னலடியில் நத்தார் மரம், பக்கத்தில் ஹனுக்கா விளக்கு.

டேவிட் நெருப்புப்பெட்டியை எடுத்ததும் மரியரட்ணம் எழும்பினான்.

"அக்கா, உந்த விளக்குக்கு முன்னாலை நான் நிக்கமாட்டன். பிள்ளைக்கு ஞானஸ்நானமும் குடுக்கேல்லை. உவள் எங்கடை பிள்ளையில்லை."

மாமியாருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் அவரும் மகனைப் பார்த்து ஆங்கிலத்தில் சொன்னார்: "யூதர் என்பது தாய்வழி. இவள் தாய் யூதப்பெண் இல்லை. பிறகு இந்தப் பிள்ளைக்கு ஏன் விளக்கு? இவள் எங்கள் ஆளில்லை."

மிரியம் தரையில் உட்கார்ந்து பரிசு சுற்றிய கடதாசியைக் கிழித்துக்கொண்டிருந்தாள்.

பேர்ணடெற் கையிலிருந்த தட்டை மேசையில் அடித்து வைத்தாள்.

"கொழும்பிலை உன்னை றோட்டிலை மறிச்சு, நீ ஆர் எண்டு கேட்டுத்தானே அடிச்சவங்கள்? இந்த வீட்டிலை எட்டு மாசம் திண்டிட்டு, ஒரு வயசுப் பிள்ளையை அதையே கேக்கிறியோ? வெளியிலை போடா!"

பிறகு மாமியார் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் கத்தினாள். "நீங்களும் சின்ன வயதில் ஊரைவிட்டு ஓடிவந்தவர்தானே? உங்களைத் துரத்தினவர்கள் கேட்டதும் இதைத்தானே?"

"போதும்" என்றார் டேவிட்.

"இப்போதுதான் உனக்கு வாய் வந்ததா? அதை உன் அம்மாவிடம் சொல்!"

அறைக்குள் போய் இரண்டு கோட்டுகளையும் எடுத்துவந்து அவரவர் கையில் திணித்தாள். மரியரட்ணம் ஸ்றீற்கார் என்ற டிராம் பிடிக்க நடந்தான். வாசலில் வைத்து டேவிட் தாயிடம் சொன்னார்: "இவளிடம் மன்னிப்புக் கேட்கும்வரை இங்கே வரவேண்டாம்." சொல்லிவிட்டுக் காரில் கொண்டுபோய் விட்டுவந்தார். பிறகுதான் விளக்கேற்றினோம்.

அடுத்த குளிர்காலம் மாமியார் வந்து மன்னிப்புக் கேட்டார். "கேட்டா. சாப்பாடு போட்டன். நான் மறந்திட்டன் எண்டு ஆரும் நினைக்கவேண்டாம்" என்றாள் என்னிடம்.

மரியரட்ணம் நாலு வருடம் எட்டிப் பார்க்கவில்லை. எண்பத்தெட்டில் ரொறன்ரோவிலேயே, மல்வேர்னில் அவனுக்குக் கலியாணம். அழைப்பிதழ் பேர்ணடெற் பெயருக்கு மட்டும் வந்தது. உறையின்மேல், "இந்த வீட்டிலை மூண்டு பேர்" என்று எழுதித் திருப்பி அனுப்பினாள். மறுபடி ஒன்றும் வரவில்லை.

கலியாணத்தன்று ஓவர்டைம் கேட்டு வேலைக்கு வந்தாள். ஒரு மூட்டை வெங்காயத்தை ஒருவரையும் தொடவிடாமல் தனியாகவே வெட்டி முடித்தாள்.