தங்கூஸ் நூலில் தைத்த பம்பர்

காரை விற்றுவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சவூதியிலிருந்து போனில் சொன்னார். கம்பெனியில் ஓவர்டைமை நிறுத்திவிட்டார்களாம். இனிமேல் வெறும் சம்பளம்தான். இன்சூரன்ஸ் தேதி நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு அனுப்பினால் அந்த மாதம் வீட்டுக்கு அனுப்புவதில் துண்டு விழும்.

“வருசத்துல ஒரு மாசம் லீவுல வந்து நான் ஓட்டுறதுக்கு வருசம் பூரா காசு கட்டணுமா? குடுத்துருவோம் புள்ள.”

“மத்த மாசமெல்லாம் அது தானாவா ஓடுது? நான்தான ஓட்டுறேன்.”

“நீ எங்கிட்டு ஓட்டுற? மிஞ்சிப் போனா அறந்தாங்கி.”

“ஒங்களுக்கு அது அறந்தாங்கி. எனக்கு அதுதான் அமெரிக்கா.”

சிரித்தார். மனம் மட்டும் மாறவில்லை. கடைசியில் நானே ஒரு பேச்சை விட்டேன். இன்சூரன்ஸை நான் தையலில் சம்பாதிப்பதிலிருந்து கட்டுகிற அளவுக்குக் குறைத்துக் காட்டுகிறேன், குறைக்க முடியாவிட்டால் விற்றுக்கொள்ளுங்கள் என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, இன்சூரன்ஸைக் குறைக்க முடியுமா என்றுகூட எனக்குத் தெரியாது.

எங்கள் தெருவில் கார் ஓட்டுகிற முதல் பொம்பளை நான்தான். அறந்தாங்கி டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொண்டபோது சில பேர் வாயில் விழுந்து எழுந்தேன். அதே ஆட்கள்தான் பிறகு பிரசவத்துக்கும் கண் ஆபரேஷனுக்கும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கோட்டைப்பட்டினத்தில் வெளிநாட்டில் இருக்கிறவன் கார் என்றால் அது பாதி தெருவுக்குச் சொந்தம். யாரும் கேட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. பெட்ரோல் போட்டுக்கொள்வார்கள், வண்டியைத் துடைத்துத் திருப்பித் தருவார்கள். வாடகை என்று யாரும் கொடுத்ததில்லை, நானும் வாங்கியதில்லை. ஓட்டத் தெரிந்தவர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போவார்கள். தெரியாதவர்களை நான் கூட்டிப்போவேன். இதற்கு எங்கும் சட்டம் எழுதி வைக்கவில்லை. ஆனால் மீறினால் கல்யாணத்துக்குக் கூப்பிட மாட்டார்கள்.

அறந்தாங்கி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஜெராக்ஸ் கடை மாடியில் ஒரு இன்சூரன்ஸ் ஏஜென்ட் இருந்தார். பழைய பாலிசியை அவர் மேஜையில் போட்டேன். அதுவரை வருஷா வருஷம் வண்டி வாங்கிய ஷோரூமிலிருந்து போன் வரும், என் வீட்டுக்காரர் பணம் அனுப்புவார், முடிந்தது கதை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று இவரும் பார்த்ததில்லை, நானும் பார்த்ததில்லை.

ஏஜென்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார்.

“சாவி தொலைஞ்சா புதுச் சாவிக்குக் காசு தர்ற கவர் போட்டிருக்கீங்களே, நீங்க கேட்டீங்களாம்மா?”

“எங்க வீட்டுச் சாவி எந்த ஆணியில தொங்குதுன்னு தெருவுக்கே தெரியும். அது எங்கிட்டுப் போய்த் தொலையப் போகுது?”

“வழியில வண்டி நின்னா ஆளு அனுப்புற கவரு?”

“வழியில நின்னா தள்ளுறதுக்கு நாலு பேரு வருவான். தள்ளிட்டு டீயும் வாங்கிக் குடுப்பான்.”

“பயணத்துல பெட்டி காணாமப் போனா...”

“யோவ், நான் கட்டைப் பையில துணி கொண்டுபோறவ.”

எனக்கு உள்ளுக்குள் எரிந்தது. இத்தனை வருஷமும் கேட்காத சாமானுக்குக் காசு வாங்கியிருக்கிறார்கள். வெயிலில் நின்று சம்பாதித்த மனுஷன் காசு. அங்கேயே ஷோரூம்காரனை நான் திட்டிய திட்டில் கீழே ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டிருந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஏஜென்ட் தண்ணீர் கொடுத்தார்.

எல்லாவற்றையும் அடித்தோம். தண்ணீர் புகுந்து இன்ஜின் போனால் தருகிற கவரை மட்டும் அடிக்கவில்லை. கடலோரத்தில் குடியிருக்கிறவள் அதில் கை வைத்தால் அவளைப்போல் முட்டாள் கிடையாது. வண்டியின் மதிப்பைக் குறைத்துப் போட்டால் இன்னும் கொஞ்சம் குறையும், ஆனால் வண்டி மொத்தமாகப் போனால் அந்தக் குறைந்த பணம்தான் கைக்கு வரும் என்றார். வேண்டாம் என்றேன். கிளெய்ம் வந்தால் முதலில் ஒரு பங்கை நாமே ஏற்றுக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் அதற்கும் ஒரு தள்ளுபடி உண்டாம். சரி என்றேன். அடுத்தவனுக்கு அடிபட்டால் கொடுப்பதற்கான பகுதி அரசாங்கம் வைத்த ரேட்டு, அதில் யார் போய்ப் பேசினாலும் ஒரு பைசா குறையாது என்று அவரே முந்திக்கொண்டு சொன்னார். என் முகத்தைப் பார்த்துப் பயந்திருப்பார்.

“பெரிய விஷயமே இனிமேதான்ம்மா. வண்டி வாங்குனதுலேர்ந்து நீங்க ஒரு கிளெய்ம்கூடப் போடல. இந்தத் தடவை பாதிக்குப் பாதி தள்ளுபடி வருது. நோ கிளெய்ம் போனஸ். பணம் கட்டுறதுக்குள்ள ஒரே ஒரு கிளெய்ம் போட்டாலும் மொத்தமும் போயிரும். மறுபடி முதல்லேர்ந்து சேக்கணும்.”

அவர் போட்டுக் காட்டிய கணக்கு என் தையல் வருமானத்துக்குள் அடங்கியது. தேதிக்குள் பணத்தைச் சேர்த்துக் கட்டிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது கட்டுமாவடி வரைக்கும் தனியாகச் சிரித்துக்கொண்டே ஓட்டினேன்.

என்னிடம் ஒரு பழக்கம் உண்டு. அளவு எடுக்கும்போது வாய் சும்மா இருக்காது. அந்த வாரம் ரவிக்கைக்கும் சுடிதாருக்கும் வந்த அத்தனை பேரிடமும் நோ கிளெய்ம் போனஸைப் பற்றிச் சொன்னேன். ஒரு கிளெய்ம் போட்டால் தள்ளுபடி போச்சு, தள்ளுபடி போனால் கார் போச்சு என்று கையில் டேப்பை வைத்துக்கொண்டு பாடமே நடத்தினேன்.

அந்த வாரம் முடிவதற்குள் எதிர்வீட்டுத் தம்பி காரை இடித்தான்.

அவன் விசைப்படகு ஓட்டுகிறவன். காற்றிலும் இருட்டிலும் போட்டை ஒரு உரசல் இல்லாமல் படகுத்துறை ஜெட்டியில் கொண்டுவந்து அணைப்பான். மாமியாரைக் கண் டாக்டரிடம் காட்டிவிட்டுத் திரும்புகிறவன், வலையை ஒரு பார்வை பார்த்துவிட்டு வருவோமென்று காரை ஜெட்டிக்குள் விட்டிருக்கிறான். ரிவர்ஸ் எடுக்கும்போது பின்னால் குவிந்து கிடந்த நங்கூரங்களில் ஏற்றிவிட்டான். பின் பம்பர் ஒரு ஓரத்திலிருந்து நடு வரைக்கும் கிழிந்து தொங்கியது.

“லாத்தா, ஒண்ணும் இல்ல லாத்தா, லேசாத்தான்...” என்று வந்து நின்றான். எங்கள் பக்கம் அக்காவுக்கு லாத்தா. பின்னால் அவன் மாமியார் கண்ணில் மருந்தோடு நின்றது.

“லேசா? பின்னால கண்ணாடின்னு ஒண்ணு இருக்கே, அது நீ தலை சீவுறதுக்கா?”

“போட்டுல ரிவர்ஸ் எடுத்தா தண்ணி வெலகிக்கும் லாத்தா. அந்தப் பழக்கத்துல...”

“நங்கூரம் வெலகும்னு நெனச்சியாக்கும்!”

இன்னும் என்னென்னவோ கத்தினேன். தெருவே கேட்டது. அவன் தலையைக் குனிந்துகொண்டு கடைசிவரை நின்றான். அவன் மாமியார்தான் நடுவில், “இன்னம் நல்லாத் திட்டு, நான் சொன்னா இவன் கேக்கமாட்டான்” என்று எடுத்துக் கொடுத்தது.

மறுநாள் பம்பரைக் கயிற்றால் கட்டிக்கொண்டு புதுக்கோட்டையில் ஒரு ஒர்க்‌ஷாப்புக்கு ஓட்டிப்போனேன். அங்கே ஒரு பையன் போனிலிருந்து கண்ணை எடுக்காமலேயே, பம்பரை மாற்றித்தான் ஆகணும் என்றான். விலையைச் சொன்னான். நான் விலையைத் திருப்பிக் கேட்டதும், “கிளெய்ம் போட்ருங்க மேடம். எல்லாரும் அதான் பண்ணுவாங்க. ஒங்க கையிலேர்ந்து பெருசா ஒண்ணும் போகாது” என்றான்.

போவது என்ன என்று அவனுக்குத் தெரியாது. புது பம்பரைக் கைக்காசு போட்டு வாங்கினால் இன்சூரன்ஸ் கட்டப் பணம் இருக்காது. கிளெய்ம் போட்டால் தள்ளுபடி இருக்காது. எப்படிப் பார்த்தாலும் கார் இருக்காது. அதே கயிற்றோடு திரும்பினேன். வீடு வரும்வரை யாரை வைகிறேன் என்று தெரியாமல் வைதுகொண்டே வந்தேன்.

வாசலில் எதிர்வீட்டுத் தம்பி நின்றான். அன்றைக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகிற நாள். இவன் போகவில்லை. பக்கத்தில் ஒரு ஆள், கையில் வாளியும் பிரஷும். பைபர் வள்ளங்களில் ஓட்டை விழுந்தால் ஒட்டுகிறவர்.

“இவரு பாத்துக்குவாரு லாத்தா.”

“இது காரு. வள்ளமில்ல.”

“வள்ளத்துல ஓட்டை இருந்தா ஆளு செத்துருவான் அக்கா. பம்பருல ஓட்டை இருந்தா யாரு சாவா? நான் பாத்துக்கிறேன்,” என்றார் அந்த ஆள். என்னிடம் எதிர்த்துப் பேசுகிறவர்கள் குறைவு. எனக்கு அவரைப் பிடித்துவிட்டது.

பம்பரைக் கழற்றி மணலில் கவிழ்த்துப் போட்டார்கள். கிழிசலின் இரண்டு பக்கமும் சேர்ந்து நிற்க வேண்டும், அதற்குப் பிறகுதான் உள்பக்கம் பைபர் வைத்துப் பசை ஊற்ற முடியும். கம்பியைக் காய்ச்சி வரிசையாகத் துளை போட்டார். வலை பின்னுகிற தங்கூஸ் நூலைக் கோத்துத் தைக்க ஆரம்பித்தார். நான் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தேன். ஒரு தையல் இறுக்கம், ஒரு தையல் தொளதொள. ஒரு பக்கம் ஏறி, ஒரு பக்கம் இறங்கி நின்றது.

“தள்ளுங்க.”

“இது துணி இல்லக்கா.”

“கோணல் எதுல இருந்தாலும் கோணல்தான். தள்ளுங்க.”

நான் உட்கார்ந்து தைத்தேன். தங்கூஸ் வழுக்கும், துணி நூல் மாதிரி சொன்ன பேச்சைக் கேட்காது. ஒவ்வொரு தையலுக்கும் எதிர்வீட்டுத் தம்பி இரண்டு பக்கத்தையும் சேர்த்து அழுத்திப் பிடித்தான். நடுவில் அவன் விரலில் குத்தினேன். வேண்டுமென்று இல்லை. அவன் அப்படி நம்பவில்லை. தைத்து முடித்ததும் அந்த ஆள் தடவிப் பார்த்து, “வள்ளத்துக்கு வாரீங்களா அக்கா, வேலை கெடக்கு” என்றார். உள்பக்கம் பைபர் ஒட்டிப் பசை ஊற்றிக் காயவைத்து, வெளிப்பக்கம் தேய்த்து வெள்ளைப் பெயிண்ட் அடித்தார். கார் ஒரு வெள்ளை, அது ஒரு வெள்ளை. கிட்டே போய்ப் பார்த்தால் தையல் தெரியும். தெரியட்டும். பிடித்து ஆட்டினால் ஆடவில்லை.

காசு கொடுத்தேன், வாங்கவில்லை. மகளுக்கு ஸ்கூல் யூனிபார்ம் தைத்துக் கொடுங்கள் என்றார். துணிக்கு மட்டும் அவரே காசு கொடுத்தார். எவ்வளவு சொல்லியும் அதை விடவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்குப் புரியவில்லை. யாருமே கார் கேட்டு வரவில்லை. நிச்சயதார்த்தத்துக்கு என் காரைச் சொல்லி வைத்திருந்தவர்கள் வேன் பிடித்துப் போனார்கள். நாலு வீடு தள்ளி ஒரு குழந்தைக்குக் காய்ச்சல், ஆட்டோவில் தூக்கிப் போனார்கள். நான் கத்தியதில் தெருவுக்கே கோபம் என்று நினைத்தேன். எனக்கும் வீம்பு வந்தது. கேட்காவிட்டால் போங்கள் என்று இருந்தேன். ராத்திரி சோறு இறங்கவில்லை என்பது வேறு விஷயம்.

காய்ச்சல் பிள்ளையின் தாய் தைக்கக் கொடுத்ததை வாங்க வந்தாள். பிடித்துக்கொண்டேன்.

“ஏண்டி, காய்ச்சல்ல கெடந்த புள்ளைய ஆட்டோவுல தூக்கிட்டுப் போனியே, நான் என்ன செத்தா போயிட்டேன்?”

“நீதான லாத்தா சொன்ன, ஒரு கிளெய்ம் வந்தா காரு போயிரும்னு. இன்னொரு தடவை எவனாவது இடிச்சுவிட்டா என்ன பண்ணுறது? அதான் இன்சூரன்ஸ் கட்டுற வரைக்கும் ஒன் வண்டிய யாரும் கேக்கக்கூடாதுன்னு பேசி வச்சிருக்கோம்.”

“யாரு பேசுனது?”

“எல்லாருந்தான். ஆம்பளைங்க பள்ளிவாசல்ட்ட பேசுனாங்க. நாங்க தண்ணிப் பைப்புல.”

“எங்கிட்ட ஒருத்தி சொல்லலையே?”

“சொன்னா நீ திட்டுவ.”

திட்டத்தான் செய்தேன். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் நடு ராத்திரியானாலும் என் கதவைத் தட்டணும், போனஸ் போனால் போகட்டும் என்று கத்தினேன். அவள் சிரித்துக்கொண்டே துணியை வாங்கிப் போனாள். அடுத்து வந்தவளுக்கு அளவைத் தப்பாக எடுத்துவிட்டேன். கண் சரியாகத் தெரியவில்லை.

என் வாழ்நாளில் பெரும்பாலும் நான் பிறருக்குச் செய்ததைத்தான் கணக்கு வைத்திருக்கிறேன். காரைக் கொடுத்தேன், கூட்டிப்போனேன், காத்துக் கிடந்தேன் என்று. கேட்காமல் இருப்பதும் ஒரு உதவி என்று எனக்குத் தோன்றியதே இல்லை. அவர்கள் ஆட்டோவுக்குக் கொடுத்த காசையும், வேனுக்குக் கொடுத்த காசையும், எதிர்வீட்டுத் தம்பி விட்ட ஒரு நாள் கடலையும் சேர்த்தால் எனக்குக் குறைந்த தொகையைவிட அதிகமாகவே இருக்கும். யாரும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. நானாக இருந்தால் சொல்லிக் காட்டியிருப்பேன்.

தேதிக்கு முன்னாலேயே அறந்தாங்கி போய்ப் பணத்தைக் கட்டினேன். ஏஜென்ட் கீழே வந்து வழியனுப்பும்போது பம்பரைப் பார்த்தார், குனிந்தார், தடவினார். “இது என்னம்மா, தையலா?” என்றார். “ஆமா, கிளெய்ம் இல்ல” என்றேன்.

பாலிசி வாட்ஸ்அப்பில் வந்தது. அதை வீட்டுக்காரருக்கு அனுப்பினேன். உடனே போன்.

“இதுல ஒரு சைபர் விட்டுப்போச்சா?”

“ஒண்ணும் விட்டுப்போகல.”

“நெசமாத்தானா? ஒன் காசுலயா கட்டுன?”

“வேற எவன் காசுல?”

அங்கே யாரோ இவரை வேலைக்குக் கூப்பிடுவது கேட்டது. “சரி புள்ள, காரு இருக்கட்டும்” என்றார். குரல் ஒரு மாதிரி இருந்தது. ஓவர்டைம் போன பிறகு அந்த மனுஷன் கேட்ட முதல் நல்ல செய்தி இதுவாகத்தான் இருக்கும். நான் அதற்காகவும் அல்லாவுக்கு நன்றி சொன்னேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்திருப்பார்கள், எதிர்வீட்டுத் தம்பியின் மாமியார் தடியை ஊன்றிக்கொண்டு படி ஏறியது.

“இன்சூரன்ஸ் கட்டியாச்சாமே?”

“கட்டியாச்சு மாமி.”

“அப்ப நாளைக்கு மறு கண்ணுக்குக் காட்டணும். மருமவன் காரு கேக்கச் சொன்னான். அவனுக்கு வர வெக்கமாம்.”

“காரு வரும். ஆனா அவன் ஓட்டக்கூடாது.”

“அத நான் சொல்லலாம்னுதான் வந்தேன்,” என்றது மாமி. “அவன் பின்னால உக்காரட்டும். நீ ஓட்டு.”