சுவர்ப் பக்கம் இடது காது

ஸ்ரீரங்கம் பூ மார்க்கெட்டில் ஏலம் விடுகிறவர்கள் பெரும்பாலும் ஆண்கள். முருகானந்தத்தின் கமிஷன் கடையில் மட்டும் காளியாயி. எட்டரை கிராமத்திலிருந்து வரும் மல்லிகை மூட்டைகளைச் சுற்றி நின்று வியாபாரிகள் ஒரே நேரத்தில் கத்துவார்கள். எந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று காளியாயி திரும்பாமலே சொல்லிவிடுவார்.

ஆடி மாதத்தில் ஒருநாள் எழுந்தபோது இடது காது அடைத்திருந்தது. உள்ளே இரைச்சல். நடையும் கொஞ்சம் தள்ளாடியது. சளி, பித்தம் என்று நினைத்து, பூண்டு போட்டுக் காய்ச்சிய எண்ணெயைக் காதில் விட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். ஒரு வாரம் அப்படியே ஓடியது. இடப்பக்கம் நின்ற வியாபாரி பிச்சமுத்து கேட்ட மூட்டையை எதிர்ப்பக்க வியாபாரிக்கு முடித்துவிட்ட அன்றுதான் விஷயம் வெளிப்பட்டது.

“ஏன்க்கா, இங்க நான் தொண்டை கிழியக் கத்துறேன், நீங்க அங்க தள்றீங்களே! எம்மேல என்ன கோவம்?”

கூட்டம் சிரித்தது. முருகானந்தம் சிரிக்கவில்லை. “காது சரியாகிற வரைக்கும் வீட்டுல இரும்மா. வேற ஆளைப் போட்டுக்கறேன்.”

தில்லை நகரில் காது மருத்துவர் அல்ஷிஃபா உடனே மாத்திரை தொடங்கினார். கேட்கும் திறனைப் பார்த்த பிறகு, காளியாயியைப் படுக்கவைத்து, கண் அசைவைப் பதியும் கண்ணாடியை மாட்டி, காதுக்குள் குளிர்ந்த நீர் விட்டார். வலது காதில் விட்டதும் அறையே சுழன்றது. இடது காதில் ஒன்றுமே இல்லை.

“இந்தக் காது ஸ்ட்ராங் டாக்டர். சுத்தவே இல்ல!”

“சுத்தியிருந்தாத்தான்மா நல்லது. உள்காதுல கேக்குற பகுதியும் தள்ளாடாம பாத்துக்கிற பகுதியும் அக்கம்பக்கம். ரெண்டுமே அடி வாங்கியிருக்கு.”

“அப்ப காது வராதுங்கிறீங்களா?”

“வரவே வராதுன்னு சொல்லல. வாய்ப்பு கம்மி. ஊசியும் போட்டுப் பாப்போம். ஆனா காது வரட்டும்னு எதையும் நிறுத்தி வைக்காதீங்க.”

திரும்பும் பஸ்ஸிலேயே காளியாயி முடிவெடுத்துவிட்டார். வராமலே போகலாம் என்கிற காதுக்காக வீட்டில் உட்கார்ந்தால், வேலை கைவிட்டுப் போகும்.

மறுநாள் விடியலில் கடை நடுவில் கிடந்த ஏல மேசையை மூலைக்கு இழுத்துப் போட்டார். நின்று பார்த்தார். இடது தோள் சுவரில் உரசியது. இனி யாரும் முன்னாலோ வலப்பக்கமோதான் நிற்க முடியும்.

“யாரு உன்னை வரச் சொன்னா?” என்றார் முருகானந்தம்.

“இன்னைக்கு ஒருநாள் பாருங்கண்ணே. ஒரு மூட்டை மாறினாலும் நானே போயிடறேன்.” கூட்டத்தைப் பார்த்துக் குரலை உயர்த்தினார்: “விலை கேக்கறவங்க கையத் தூக்கணும். தூக்காத ஆளுக்குப் பூ கிடையாது!”

“இது என்ன மார்க்கெட்டா, ஸ்கூலா?” என்று கேட்ட பிச்சமுத்துதான் முதலில் கையைத் தூக்கினார். முதல் மூட்டை அவருக்கே போனது. அன்று ஒரு மூட்டைகூட ஆள் மாறிப் போகவில்லை. முருகானந்தம் வேறு ஆள் பேச்சை எடுக்கவில்லை.

ஊசிகள் முடிந்தபின் மறுபடி சோதனை. லாரி ஹாரன் போன்ற பெரிய சத்தம் மட்டும் இடது காதில் மங்கலாக எட்டியது.

“இவ்வளவுதாம்மா வந்திருக்கு,” என்றார் அல்ஷிஃபா தயக்கத்தோடு.

“பரவால்ல டாக்டர். நீங்க அன்னைக்கே சொல்லிட்டீங்க, நான் மறுநாளே மேசையத் தள்ளிப் போட்டுட்டேன்.”