சட்டையைத் தூக்கிப் பார்த்த நர்சம்மா

எளாவூரில் நாங்கள் குடியிருந்தபோது நடந்தது. மனைவி கம்பெனி ஷிஃப்டுக்குப் போயிருந்தாள். சளியால் காலையெல்லாம் அழுத எங்கள் எட்டு மாத மகள் ஒருவழியாகத் தூங்கிவிட்டாள் என்று நிம்மதியாக இருந்தேன்.

தடுப்பூசி நாளைச் சொல்ல வந்த கிராம நர்சம்மா, குழந்தையின் சட்டையைத் தூக்கினார். மூச்சுக்கு மூச்சு விலாவுக்குக் கீழே குழி விழுந்தது.

"இது தூக்கம் இல்ல நைனா, புள்ள மூச்சுக்குத் தவிச்சிகினு கீது. கெளம்பு!"

அவரே குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்கு வந்தார். நிமோனியா என்றார்கள். நல்லவேளை, பிழைத்துக்கொண்டாள். மனைவி வரும்வரை நர்சம்மா கிளம்பவில்லை. தன் டிபன் பாக்ஸில் இருந்த தயிர்சாதத்தை எனக்கும் கொடுத்தார். அந்த ருசி இன்னும் நாக்கில் இருக்கிறது.

இன்று அவர் ரிட்டயராகிவிட்டார். மகள் ஏழாவது படிக்கிறாள். எந்தக் குழந்தைக்குச் சளி என்றாலும், தூங்கட்டும் என்று நான் விடுவதில்லை. மூச்சை ஒரு நிமிஷம் நின்று பார்க்கிறேன்.