கட்டையை எரித்த செங்கம்மாள்

செங்கல்பட்டில் பட்டறை வைத்த நாளாக, பிரேக் பிடிக்காத கார்களை நிறையப் பார்த்திருக்கிறேன். மனிதனையே பிரேக்காக வைத்து ஓடியது ஒன்றுதான். அது திருக்கழுக்குன்றம் அரிசி மில் முதலாளி அருணகிரியின் கார்.

முப்பத்திரண்டாம் வருடத்து வண்டி. கம்பி இழுத்துப் பிடிக்கும் பிரேக். மழையில் நனைந்துவிட்டால் மிதித்து என்ன பிரயோஜனம்? அதனால் மில் கூலி கருப்பன் கையில் ஒரு புளியங்கட்டையோடு ஃபுட்போர்டில் தொற்றிக்கொண்டு வருவார். ஏரிக்கரை இறக்கம் வந்ததும் குதித்து, ஓடும் சக்கரத்துக்கு முன்னால் கட்டையைச் செருக வேண்டும். பழைய மிலிட்டரி லாரியிலிருந்து ஆயில் பிரேக் கழற்றி மாட்டித் தருகிறேன் என்று முதலாளியிடம் மூன்று முறை சொன்னேன்.

“அதான் கருப்பன் கீறானே பாய்” என்று சிரித்தார்.

ஐம்பத்து நாலு ஐப்பசியில் மெட்ராஸ் விருந்தாளிகளோடு மகாபலிபுரம் போனார்கள். நல்ல மழை. இறக்கத்தில் கட்டை வழுக்கி, சக்கரம் ஏறி, கருப்பனின் வலது காலில் இரண்டு விரல்கள் போயின. அருணகிரி இறங்கி வந்து முதலில் கேட்டது, “கட்ட எங்கடா?”

புண் ஆறியதும் மில் மேஸ்திரி கருப்பன் வீட்டுக்கு வந்தான். “கட்டைய எடுத்துகினு வரச் சொல்லு.”

கருப்பனின் மனைவி செங்கம்மாள் வாசலுக்கு வந்தார். “அத்தப் பொளந்து அடுப்புல வச்சிட்டேன். சோறு வெந்துகினு கீது. துன்னுட்டுப் போறியா?”

அதோடு விடவில்லை. சேரியில் வீடு வீடாகப் போய்ப் பெண்களிடம் சொன்னார்: “உம் புருசன அனுப்பு. எம் புருசன் காலப் பாத்துட்டு அனுப்பு.” கட்டை பிடிக்க ஒருவரும் போகவில்லை. கருப்பன் எப்படியும் வழிக்கு வருவான் என்று அருணகிரி காத்திருந்தார். கார் ஷெட்டிலேயே கிடந்தது. தை மாதம் மகள் கல்யாணம். கடைசியில் வண்டி என் பட்டறைக்கு வந்தது.

டிரம், சிலிண்டர், குழாய் எல்லாம் மாற்ற ஒன்பது நாள் ஆயிற்று. குழாயில் காற்று நின்றால் ஆயில் பிரேக் பிடிக்காது. ஒருவர் பெடலை மிதிக்க மிதிக்க, இன்னொருவர் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிக்கக் கருப்பனைத்தான் கூப்பிட்டேன். வேண்டுமென்றே கூப்பிட்டேன். மூன்று விரல் காலால் அழுத்தி அழுத்தி மிதித்தார். பிறகு அருணகிரியைப் பக்கத்தில் உட்காரவைத்து, அதே இறக்கத்தில் வேகமாக ஓட்டிச் சட்டென்று நிறுத்தினேன். அவர் நெற்றி கண்ணாடியில் இடித்தது. எனக்குப் பரம சந்தோஷம்.

மறுநாளே அவர் கருப்பனை வேலையை விட்டு நிறுத்தினார். “இனிமே நீ எதுக்குடா?”

நான் மாட்டிய பிரேக் அவர்கள் சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டதே என்று கூனிக்குறுகி, கருப்பன் வீட்டு வாசலில் போய் நின்றேன். செங்கம்மாள் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாத்துக்கு பாய் மூஞ்சிய தொங்கப்போட்டுகினு வர? வேல பூடும்னு தெரிஞ்சிதான் கட்டைய எரிச்சேன். எம் புருசனுக்கு ரெண்டு காலும் மிச்சம் கீது. நடந்து போயி வேற வேல தேடிக்கும்.”