குடி என்றால் வலது

சீனிச்சாமி கூடைப்பந்து ஆட்டத்துக்கு நடுவே தண்ணீர் குடிக்க மாட்டான். டைம்-அவுட் கிடைத்ததும் பாட்டிலைத் திறந்து உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றுவான். ஒற்றைக் காலில் நின்று ஷூவின் அடியில் ஒட்டிய கரிசல் புழுதியைத் துடைப்பான். முதலில் வலது, பிறகு இடது. மூடியை இறுகத் திருகி, பாட்டிலைப் பெஞ்சுக்கு அடியில் தள்ளிவிடுவான். உதடு வெடித்திருக்கும். யார் நீட்டினாலும் வாங்க மாட்டான்.

காரணம் எனக்குத் தெரியும். அது நடந்தபோது மேசையில் உட்கார்ந்து ஸ்கோர் ஷீட் எழுதிக்கொண்டிருந்தவன் நான்.

சீனிச்சாமி பக்கத்துக் கிராமமான பரளச்சிக்காரன். ஒன்பதாம் வகுப்பிலேயே ஆறடி. அந்த உயரத்தைப் பார்த்துத்தான் அருப்புக்கோட்டையில் எங்கள் மெட்ரிக் பள்ளியின் பி.டி. சார் ராஜகுரு அவனைக் கூட்டிவந்து சேர்த்தார். டீமில் மற்றவர்கள் எல்லாம் நெசவாளர் தெருப் பையன்கள். வீட்டில் பேசுகிற தெலுங்கையே கோர்ட்டிலும் பேசுவார்கள். எதிரணிக்கு விளங்காது என்ற தைரியம். புதிதாக வந்தவனுக்கும் விளங்காதே என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

அவன் வந்த நாலாம் நாள் அரையிறுதி. எங்களுக்கு ஒரு புள்ளி முன்னிலை, எட்டு வினாடி பாக்கி. பந்து வெளியே போய் விசில் ஊதியிருந்தது. எதிரணி வலப்பக்கம் நுழையப் பார்ப்பதைக் கண்டு கேப்டன் கருணாகரன், "குடி! குடி!" என்று கத்தினான். தெலுங்கில் குடி என்றால் வலது. சீனிச்சாமி கோட்டோரம் கிடந்த பாட்டிலை எடுத்துக் குடித்தான். அண்ணாந்த தொண்டை ஏறி இறங்குவதற்குள் எதிரணியில் ஒருவன் வலப்பக்கமாக ஓடிப் பந்தைக் கூடைக்குள் போட்டுவிட்டான். ஒரு புள்ளியில் தோற்றோம்.

அன்றிலிருந்து அவன் 'குடிகாரன்'. வகுப்பில், கேன்டீனில், பரளச்சி பஸ்ஸில். பெயர் அவனுக்கு முன்னால் ஊர் போய்ச் சேர்ந்தது. டீக்கடையில் ஒருவர் அவன் அப்பாவிடம், மகன் இந்த வயசிலேயே தண்ணி போடுகிறானாமே என்று விசாரித்தார். வீட்டில் அடி விழுந்தது. ராஜகுரு சாரிடம் போய், அந்தப் பெயரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கிறான். அவரும் சிரித்திருக்கிறார். வருடக் கடைசியில் டி.சி. வாங்கிக்கொண்டு வேறொரு தனியார் பள்ளியில் போய்ச் சேர்ந்தான்.

லீவு நாட்களில் நெசவாளர் தெருவுக்கே வந்து ஒரு தறிக்கூடத்தில் நூல் மூட்டை சுமந்தான். வாயைத் திறக்கவில்லை. இரண்டு வருடம் காதை மட்டும் திறந்து வைத்திருந்தான். மாநில அணியில் பெயர் வந்தால் காலேஜ் சீட் கேட்காமலே கிடைக்கும். எங்கள் பக்கத்துப் பையன்கள் ஆடுவதே அதற்காகத்தான். இவன் பஸ் ஸ்டாண்டில் என்னிடம் சொன்னது வேறு. "அண்ணே, அவனுக கூட ஒரே ஒரு மேட்ச்சு கெடைச்சாப் போதும்."

கிடைத்தது. தனியார் பள்ளிகளுக்கான போட்டி, சனிக்கிழமை இறுதி ஆட்டம், எங்கள் பள்ளி மைதானத்திலேயே.

முதல் கால்பகுதியில் ஒன்றும் புரியாதவன்போல நின்றான். எங்கள் பையன்களுக்குத் தைரியம் வந்துவிட்டது. அடுத்ததில் கருணாகரன் "எடம" என்று வாய் திறந்தால் இடப்பக்கம் பந்துக்கு முன்னால் இவன் கை இருந்தது. "குடி" என்றால் வலப்பக்கம். பதினோரு பந்து பறித்தான். கருணாகரன் தமிழுக்கு மாறினான். இவன் சுத்தமான தெலுங்கில், உங்கள் தெருவில் படித்ததுதான், சும்மா பேசுங்கள் என்றான்.

இருபத்தைந்து புள்ளி முன்னிலை வந்ததும், அவனுடைய பி.டி. டீச்சர் பாலாமணி அவனை வெளியே வந்து உட்காரச் சொன்னார். "இன்னைக்கு மட்டும் உக்காரச் சொல்லாதீக டீச்சர்" என்றான். விட்டுவிட்டார்.

கடைசி நிமிடத்தில் கருணாகரனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. தரையில் உட்கார்ந்துவிட்டான். விசில் ஊதியது. சீனிச்சாமி தன் பாட்டிலை எடுத்துக்கொண்டு கோர்ட்டின் குறுக்கே நடந்துபோய் அவன் முகத்துக்கு நேரே நீட்டினான்.

"குடி."

கருணாகரன் வாங்கவில்லை.

"குடிண்ணே. தமிழ்லதான் சொல்றேன்."

மைதானமே பார்த்தது. ராஜகுரு சாரும் பார்த்தார். கருணாகரன் குடித்தான். கடைசி மடக்கு இறங்கும்வரை சீனிச்சாமி நகரவில்லை.

நாலு மாதம் கழித்து பாலாமணி டீச்சரை ஒரு ஜெராக்ஸ் கடையில் பார்த்தேன். மாநில அணித் தேர்வுக்கு வரச் சொல்லி அவனுக்குக் கடிதம் வந்திருந்ததாம். அவரிடம்கூடக் காட்டாமல் மறைத்திருக்கிறான். திருச்சியில் அவன் ஆஜராக வேண்டிய நாள், இறுதி ஆட்டம் நடந்த அதே சனிக்கிழமை.