இரண்டு இடத்து மாத்திரை

என் மனைவிக்குச் சர்க்கரை என்று தெரிந்த நாளிலிருந்து ஏற்காட்டில் ஒரே டாக்டரிடம்தான் காட்டிவந்தோம். எங்கள் ஊரான கொட்டச்சேட்டிலிருந்து பஸ் ஏறிப் போவோம். அவள் உள்ளே நுழைந்ததுமே, "காலக் காட்டும்மா" என்பார். அவள் செருப்பில்லாமல் காப்பித் தோட்டத்துக்குள் நடப்பவள் என்று அவருக்குத் தெரியும்.

போன மழைக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் விடாமல் அடித்தது. சிறுநீரில் கிருமி என்று சொல்லி அவரே சேலத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். அங்கே ஊசி போட்டுக் காய்ச்சலைத் தணித்தார்கள். சர்க்கரைக்கும் வேறு மாத்திரை எழுதினார்கள். காலையில் இது, ராத்திரியில் அது என்று நர்ஸ் விளக்கினாள். பழையதை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. வீட்டில் இருந்ததையும் புதியதையும் சேர்த்தே விழுங்கிவந்தாள்.

ஒருநாள் மத்தியானம் களத்தில் காப்பிக்கொட்டையைக் கிளறிக்கொண்டிருந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். புடவை வேர்வையில் நனைந்திருந்தது. என்னைப் பார்த்து, "நீங்க யாருங்க?" என்றாள். கூப்பாடு போட்டேன். பக்கத்துத் தோட்டக்காரர் பைக் எடுத்தார். அவளை நடுவில் உட்காரவைத்து, பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

ஏற்காட்டு டாக்டர் குளுக்கோஸ் ஏற்றினார். அவள் கண் திறந்த பிறகுதான், நான் சட்டைப்பையில் போட்டு வந்த மாத்திரைகளைக் கையில் வாங்கிப் பார்த்தார்.

"பழசு, புதுசு ரெண்டையும் சேத்தா சாப்பிட்ட?"

"ஆமாங்க."

"ரெண்டும் ஒரே மருந்தும்மா. பேருதான் வேற. யாரு சேத்துச் சாப்பிடச் சொன்னது?"

"வேண்டாம்னு யாருமே சொல்லலீங்களே."

அவர் மாத்திரைகளை என்னிடம் திருப்பிக் கொடுத்தார். இந்த மருந்து உடம்பில் இருக்கும்வரை சர்க்கரை மறுபடி இறங்கலாம், பெரிய ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்ப்பதுதான் நல்லது என்றார். அவள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். "மறுபடியும் அங்கயா? வேண்டாங்க, ஊட்டுக்குப் போலாம்."

ஆனாலும் போனோம். கொண்டை ஊசி வளைவுகள் முழுக்க அவள் வாந்தி எடுத்தாள்.

சேலத்தில் இளம் டாக்டர் ஒருவர் பழைய மாத்திரையைத் தூக்கிப் பிடித்து, "இத எந்த டாக்டர் குடுத்தாரு?" என்றார். குற்றவாளியை விசாரிப்பதுபோல இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. ஏற்காட்டு டாக்டருக்குப் போன் போட்டு, அப்படியே இந்த இளம் டாக்டர் கையில் கொடுத்தேன்.

"நீங்க ரெண்டு பேரும் ஒருக்கா பேசிக்கங்க சார். எங்களுக்கு இதுல என்ன தெரியும்?"

முகம் சிவந்தாலும் வாங்கிப் பேசினார். கொஞ்ச நேரத்தில் குரல் தணிந்தது. "ஆமா சார், நாங்க உங்ககிட்ட கேட்டிருக்கணும்" என்று அவர் சொன்னது என் காதில் விழுந்தது. பழைய மாத்திரையை அங்கேயே வாங்கிவைத்துக்கொண்டார்கள்.

இப்போது அவள் நன்றாக இருக்கிறாள். ஆனால் மாத்திரையை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்க்கிறாள். "இது சரியானதுதானுங்களா?" என்று கேட்கிறாள். ஆமாம் என்கிறேன். சொல்லிவிட்டு, அட்டையில் இருக்கும் பேரை நானும் இன்னொரு தரம் பார்க்கிறேன்.