வானை நிறுத்திய பாட்டுக்காரர்

என் கையெழுத்து கோழி கிளறியது போலிருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போர்த் தடையால் வன்னிக்குப் பெற்றோல் வராத காலம் அது. சில துளி பெற்றோல் விட்டு வான் வண்டியைக் கிளப்பிய பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டுவார்கள். நின்றுவிட்டால் மறுபடியும் பெற்றோல் வேண்டும். அப்படியொரு வானில், மலேரியாக் காய்ச்சலில் கொதித்த மகளை மடியில் வைத்துக்கொண்டு தருமபுரத்திலிருந்து கிளிநொச்சி ஆசுபத்திரிக்குப் போனேன்.

முன் சீற்றில் மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையுடன் ஒருவர். வழி முழுக்கப் பாடினார். மாட்டுவண்டிக்கு ஒரு பாட்டு, கப்பலுக்கு ஒன்று, தண்டவாளத்தில் ஓடும் கோச்சிக்கு ஒன்று. எல்லாம் தானே கட்டியவையாம். கோச்சி ஓடாத ஊரில் கோச்சிப் பாட்டு! ஒவ்வொன்றும் முடிந்ததும் திரும்பி எங்கள் முகங்களைப் பார்ப்பார்.

சாரதி மூட்டை இறக்கப் போன நேரம், எஞ்சின் இரைச்சலில் தன் பாட்டு கேட்கவில்லையென்று அவர் கையை நீட்டித் திறப்பைத் திருகி வானை நிறுத்திவிட்டார்.

"என்ன வேலை அண்ணை பாத்தனீங்கள்? இருந்த பெற்றோலை வெளிக்கிடேக்கையே விட்டிட்டன்," என்றான் சாரதி.

மகளைச் சீற்றில் கிடத்திவிட்டு நானும் மற்றவர்களோடு இறங்கித் தள்ளினேன். அவர் அசையவில்லை. நாலு பேர் முன்னால் வாய் திறக்காத நான் அன்று கேட்டேன்.

"நீங்களும் இறங்கித் தள்ளுங்கோவன்."

"நான் தள்ளினால் ஆர் தம்பி பாடுறது? தள்ளுறதுக்கும் ஒரு பாட்டு கிடக்கு."

பாடினார். வான் கிளம்பவில்லை. மகளைத் தோளில் போட்டுக்கொண்டு ஆசுபத்திரி வரை நடந்தேன்.

காய்ச்சல் விட்டதும் மகள் கஞ்சி கேட்கவில்லை. "அப்பா, அந்தத் தள்ளுற பாட்டின்ரை மிச்சம் என்ன?" என்றாள்.

அந்த மனிதருக்கு என் வீட்டிலேயே ஒரு ரசிகை. அதுதான் இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

எழுதி முடித்தது: 2001, ஆவணி மாதம்.